ஒன்பதாவது கட்டத்தில் நின்றவர்

முசெம்பி எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் கதவைப் பார்ப்பார். அடுத்து அங்கே இருப்பவர்களின் கைகளை. முகத்துக்கு வருவது கடைசியில்தான். கல்யாண வீட்டிலும் அப்படித்தான், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலும் அப்படித்தான். இருபது வருஷம் கணக்கு வாத்தியார். அதில் பதினான்கு வருஷம் தேசியத் தேர்வு அறைகளில் மேற்பார்வைக்கு நின்றவர். வினாத்தாள் பெட்டியோடு துப்பாக்கி ஏந்திய போலீஸ் வந்து இறங்கும் தேர்வுகள் அவை. துப்பாக்கிக்குப் பயப்படாத பையன்களும் முசெம்பிக்குப் பயந்தார்கள். மச்சாக்கோஸ் பக்கத்துப் பள்ளி ஒன்றில், இரண்டு தாள்களுக்கு நடுவே ஒருவன் சுருட்டிய சப்பாத்தியைக் கடிக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தான். "அதை எனக்குக் குடுப்பா, பசிக்குது" என்று வாங்கிப் பிரித்தார். பீன்ஸுக்கு நடுவே, பிளாஸ்டிக் உறை போட்டு, முக்கோணவியல் சூத்திரங்கள் அத்தனையும் இருந்தன.

அவர் வேலை பார்த்த பள்ளியை நடத்தியவர் ஒரு நாள் கட்டடத்தை விற்றுவிட்டார். அங்கே இப்போது மரச்சாமான் கடை. ஆறு மாதம் வீட்டில் இருந்தபின் முசெம்பிக்கு ஒரு வேலை கிடைத்தது. அதுவும் அவருக்காகவே தைத்த சட்டை மாதிரி. இணையம் வழியாகத் தேர்வு எழுதுகிறவர்களை வீட்டிலிருந்தே கண்காணிக்கிற வேலை. நர்சுகள், கணக்காளர்கள், மருந்தாளுநர்கள். லுசாக்காவிலும் கம்பாலாவிலும் லிலாங்வேயிலும் அவரவர் அறையில் உட்கார்ந்து எழுதுவார்கள். நைரோபியில், உமோஜா குடியிருப்பின் மூன்றாவது மாடியில், முசெம்பி அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வேளைக்கு ஒன்பது பேர். திரையில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டம்.

மகள் முதேயு கிட்டுயியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அவளுடைய அறைதான் ஆபீஸ். கதவைச் சாத்தி, ஜன்னலுக்குக் கனத்த திரைச்சீலை போட்டு, லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் இரண்டரை மணி நேரம் எழுந்திருக்கக் கூடாது. யாராவது சந்தேகப்படும்படி நடந்தால் சிவப்புக் கொடி ஒன்று போடலாம். ஒரே தேர்வில் மூன்று கொடி விழுந்தால் தேர்வு அங்கேயே நின்றுவிடும். நின்றவர் மறுபடி எழுத ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். மேல்முறையீட்டுக் கட்டணம் கட்டினால்தான் யாராவது பதிவைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதையும் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கட்ட வேண்டும். கட்டுகிறவர்கள் குறைவு.

சிக்கல் லேப்டாப்பில் ஆரம்பித்தது. பதினாலு இன்ச் திரையை ஒன்பதாகப் பிரித்தால் ஒரு முகம் தீப்பெட்டி அளவுக்குத்தான் வரும். கடைசிக் கட்டத்தில் இருந்த ஒருவன் முழங்கால் மேல் போனை வைத்து முழுத் தேர்வையும் எழுதி முடித்தான். முசெம்பி பார்க்கவில்லை. முடிந்த தேர்வுகளில் ஒன்றிரண்டை எடுத்துச் சோதிக்கிற கம்பெனி ஆள் யாரோ பார்த்துவிட்டார்.

குழுத் தலைவி அவுவோர் போனில் கூப்பிட்டாள். வெஸ்ட்லேண்ட்ஸில் ஆபீஸ் வைத்து, இவர் மாதிரி நாற்பது பேரை மேய்க்கிறவள். வயதில் இவருடைய பழைய மாணவி மாதிரி.

"வாத்தியாரே, உங்க கண்ணைப் பத்தி எனக்குச் சந்தேகமே கிடையாது. உங்க ஸ்க்ரீனைப் பத்திதான். திங்கக்கிழமைக்குள்ள பெருசா ஒண்ணு வாங்கிடுங்க. இன்னொரு தப்பு உங்க பேர்ல வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. சீட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"என் கண்ணுல பட்டிருந்தா அவன் தப்பிச்சிருக்க மாட்டான்" என்றார் முசெம்பி.

"அதைத்தான் சொல்றேன். படணும்ல?"

சனிக்கிழமை காலை டவுனுக்குப் போனார். லுதுலித் தெருவில் வரிசையாக எலெக்ட்ரானிக்ஸ் கடைகள். ஒவ்வொரு வாசலிலும் ஒலிபெருக்கி, ஒவ்வொன்றிலும் வேறு பாட்டு. புது மானிட்டர் அவர் கைக்கு எட்டாது. சீமை ஆபீஸ்கள் கழித்துப் போட்டு, கண்டெய்னரில் மொம்பாசாவுக்கு வந்து இறங்கும் பழைய மானிட்டர்தான் அவர் தேடியது. எட்டுக் கடை ஏறி இறங்கினார். ஒரு கடையில் முப்பத்திரண்டு என்று சொன்னதைப் பையிலிருந்து முதேயுவின் தையல் டேப்பை எடுத்து மூலைக்கு மூலை அளந்தார். இருபத்தெட்டரை. கடைக்காரர் டேப்தான் தப்பு என்றார். இன்னொரு கடையில் பின்பக்க எண்ணும் அட்டையில் இருந்த எண்ணும் வேறு வேறு. அதற்குமேல் அவர் அங்கே நிற்கவில்லை.

ஒன்பதாவது கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நீல மேல்கோட்டு போட்ட ஒரு பெண், பெயர் முகுரே, முப்பத்தைந்து வயது இருக்கும். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க மானிட்டர்.

"வாங்க கஸ்டமரே. என்ன வேணும்?"

"சும்மா பார்க்கிறேன்."

"வாத்தியாரா நீங்க?"

முசெம்பிக்குச் சுருக்கென்றது. "யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. காப்பியடிக்கிற பையனைப் பார்க்கிற மாதிரி என் சரக்கைப் பார்க்கிறீங்களே."

முப்பத்திரண்டு இன்ச்சில் ஒன்றை இறக்கி வைத்தாள். டேப்புக்குச் சரியாக இருந்தது. அவள் அருவி கொட்டுகிற வீடியோ ஒன்றை ஓட்டினாள். பச்சையும் நீலமுமாய்க் கண்ணைப் பறித்தது. "அருவி வேண்டாம்" என்றார். அருவியை ஓட்டினால் எந்தக் குறையும் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். தன் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார். அதில் வெறும் நிறங்கள்: சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு. ஒவ்வொரு நிறத்திலும் மூக்கு திரையில் படுகிற தூரத்தில் நின்று, இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், ஒளிராத செத்த புள்ளி இருக்கிறதா என்று தேடினார். கேபிள் குத்துகிற துளை மூன்றையும் குத்திப் பார்த்தார். பின்னால் உள்ள திருகுகளில் கீறல் இருக்கிறதா என்று தடவினார்.

"மார்க் எவ்வளவு போடுறீங்க?" என்றாள் முகுரே.

"பரவாயில்ல."

"பரவாயில்லன்னா எடுத்துக்குங்க. ஆனா ஒண்ணு. இது கப்பல்ல வந்த சரக்கு, ரொம்ப நாள் ஓடாமக் கிடந்தது. இங்கயே ரெண்டு மணி நேரம் ஓடட்டும். சூடானாத்தான் அதோட குணம் தெரியும். எதிர்ல டீ நல்லா இருக்கும், குடிச்சுட்டு வாங்க."

அது வரைக்கும் முசெம்பிக்கு அவள் மேல் பாதி நம்பிக்கை வந்திருந்தது. அந்த நிமிஷத்தில் அது போய்விட்டது. டவுனில் வளர்ந்தவன் எவனும் இதைக் கேட்டால் சிரிப்பான். பார்த்துப் பரிசோதித்த பொருள் மேலிருந்து கையை எடுக்கக் கூடாது; அவ்வளவுதான் சட்டம். மனைவி சியோம்புவாவின் தம்பி ஒரு போனை நன்றாகப் பரிசோதித்துவிட்டு, உறை போட்டுத் தரட்டும் என்று ஒரு நிமிஷம் தலையைத் திருப்பினான். வீட்டில் பிரித்தால் துணி சோப்பு, அளவாக வெட்டியது. ஒரு நிமிஷத்துக்கே சோப்பு என்றால் இரண்டு மணி நேரத்துக்கு என்ன வரும்?

"இல்ல, எனக்கு நேரமில்ல. இதையே, இப்படியே குடுங்க."

"பெட்டியில போட்டுத் தரேன்."

"பெட்டி வேண்டாம்."

முகுரே அவரை ஒரு தடவை பார்த்தாள். பின்பக்கத் திருகின் மேல் ஒரு சின்னச் சீட்டை ஒட்டிக் கையெழுத்துப் போட்டாள். "ஒரு மாசத்துக்குள்ள ஏதாவதுன்னா கொண்டு வாங்க. இந்தச் சீட்டு கிழியாம இருக்கணும்." போனில் பணம் அனுப்பினார். பெறுபவர் பெயராக வந்ததும் கடைப் பலகையில் இருந்ததும் ஒன்றுதானா என்று எழுத்தெழுத்தாய்ப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினார். மனைவி இடுப்பில் சுற்றிக்கொள்கிற பழைய லேசுத் துணியால் மானிட்டரைச் சுற்றினார். இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, பதினோரு கிலோ எடையோடு, மட்டாட்டு வேன் நிற்கிற இடம் வரை நடந்தார்.

வண்டியில் கண்டக்டர் இரண்டு சீட்டுக்குக் காசு கேட்டான். கொடுத்தார்.

"டிவியா வாத்தியாரே?" என்றது பின் இருக்கைக் குரல். அவரை எல்லாரும் எங்கேயும் வாத்தியாரே என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதுவே ஒரு இம்சை.

"கண்ணாடி. முகம் பார்க்கிற கண்ணாடி."

"இவ்வளவு பெருசா? அண்ணி அவ்வளவு அழகா?"

வண்டி முழுக்கச் சிரித்தது. முசெம்பி சிரிக்கவில்லை. பெரிய திரை ஒன்று எந்த வீட்டு மூன்றாவது மாடிக்குப் போகிறது என்று நாலு பேருக்குத் தெரிவதைவிட, மனைவி அழகி என்று பேர் வாங்குவது நல்லது.

வீட்டில் சியோம்புவா கதவைத் திறந்து, துணியை விலக்கிப் பார்த்து, "அடேயப்பா" என்றாள். அவள் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறவள், தடதடவென்று பேசுவாள். "முதேயு அப்பா, இதுல ஒன்பது பேர் இல்ல, ஒரு கிராமமே உட்காரலாம்."

அவர் திருப்புளி எடுத்து வரச் சொன்னார்.

"எதுக்கு?"

"உள்ள வேற கம்பெனி பேனலைப் போட்டு வெச்சிருக்காளான்னு பார்க்கணும்."

"சீட்டு ஒட்டியிருக்கே, கிழிக்கக் கூடாதுன்னு."

"அதான். ஏன் கிழிக்கக் கூடாதுங்கிறா?"

கிழித்தார், திறந்தார், பார்த்தார். உள்ளே இருக்க வேண்டியதுதான் இருந்தது. அது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

திங்கட்கிழமை முதல் வேளையிலேயே வித்தியாசம் தெரிந்தது. ஒவ்வொரு முகமும் புத்தக அட்டை அளவுக்கு வந்தது. நகம் கடிப்பது தெரிந்தது; உதடு முணுமுணுப்பது தெரிந்தது. முதலில் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்தார், கழுத்து வலித்தது. பிறகு மேஜையைச் சுவரை விட்டு இழுத்து, மானிட்டரை முதேயுவின் அகராதிகள் இரண்டின் மேல் ஏற்றி, நாற்காலியைப் பின்னால் தள்ளினார். மேல் விளிம்பு கண்ணுக்கு நேரே வந்தது. வெளிச்சத்தைக் குறைத்தார். எல்லாம் பொருந்தியது.

ஒன்றரை மணி நேரம் போனபிறகு ஒன்பதாவது கட்டத்தில், வலது கோடியில், லிலாங்வேக்காரன் ஒருவனின் தோளுக்குப் பின்னால் ஏதோ இருட்டாக இருந்தது. வெளிறிய சுவர். அதன் மேல் ஒரு தலையும் ஒரு தோளும் மாதிரி. முசெம்பி முன்னால் குனிந்தார். கேமராவைச் சுற்றிக் காட்டச் சொன்னார். அவன் காட்டினான்; கட்டில், வாளி, கதவு, ஒருவரும் இல்லை. கேமரா பழைய இடத்துக்குத் திரும்பியது. நிழலும் திரும்பி வந்தது. கேமரா சுற்றும்போது கட்டிலுக்கடியில் ஒளிந்து, திரும்பியதும் எழுந்து நின்று பதில் சொல்லிக்கொடுக்கிறான் ஒருவன். இதற்குப் பெயர் தெரியாதா அவருக்கு? மூன்று கொடி.

புதன்கிழமை கம்பாலாவில் ஒரு கணக்காளர், நரை விழுந்தவர். அவருக்கும் சுண்ணாம்புச் சுவர், அவருக்கும் பின்னால் ஒருவன். மூன்று கொடி. பெரியவர் கையெடுத்துக் கும்பிடாத குறை. முசெம்பி மனதைக் கல்லாக்கிக்கொண்டார்.

அவுவோர் செய்தி அனுப்பினாள்: "புது ஸ்க்ரீன், புதுக் கண்ணு. இதைத்தான் எதிர்பார்த்தேன் வாத்தியாரே."

இரண்டு பேருமே ஒன்பதாவது கட்டம். அதை அவர் கவனித்தார். கவனித்து, கம்பெனியில் உள்ள யாரோ தப்புச் செய்கிறவர்களை அந்தக் கட்டத்துக்கே தள்ளிவிடுகிறார்கள், அங்கேதான் இவர் பார்க்க மாட்டார் என்று நினைக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். நோட்டில் எழுதியும் வைத்தார்.

வியாழக்கிழமை காலை ஒன்பதாவது கட்டத்தில் உட்கார்ந்தவள் முத்திந்தா. லுசாக்காவில் பிரசவ வார்டில் நர்சு. நர்சு வேலையில் மேல் தகுதிக்கான தேர்வு எழுதுகிறாள். பின்னால் மண்நிறச் சுவர். அடையாள அட்டையைக் காட்டும்போதே, "சார், ராத்திரி டியூட்டி முடிச்சு நேரா வந்திருக்கேன். கொட்டாவி விட்டா தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். முசெம்பி அதையும் நோட்டில் எழுதினார்: முன்கூட்டியே சாக்கு.

தேர்வு தொடங்கி ஒரு மணி நாற்பது நிமிஷத்தில் அவன் வந்தான். மெதுவாக, யாருக்கும் தெரியாமல், சுவரோடு சுவராக. முதல் கொடி.

"உங்க அறையில யார் இருக்காங்க?"

"யாருமே இல்ல சார்."

"கேமராவைச் சுத்துங்க."

சுற்றினாள். அலமாரி, இஸ்திரிப் பெட்டி, ஆணியில் தொங்கும் வெள்ளைச் சீருடை. திரும்பினாள். அவன் நின்றுகொண்டிருந்தான். இரண்டாவது கொடி.

"கதவைத் திறந்து காட்டுங்க. கட்டிலுக்கு அடியில காட்டுங்க."

அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தரையில் மண்டியிட்டுக் காட்டினாள். செருப்பு ஒரு ஜோடி. "சார், நேரம் போகுது. இன்னும் முப்பது கேள்வி இருக்கு. நான் தனியாத்தான் குடியிருக்கேன் சார், வீட்டுக்காரம்மாவைக் கேட்டுப் பாருங்க."

உட்கார்ந்தாள். அவளுடைய வலது தோளுக்கு மேலே, தலை ஒன்று.

மூன்றாவது கொடியை அழுத்தினார். அவள் வாய் ஏதோ சொல்ல வந்தது. அதற்குள் இணைப்பு அறுந்தது. ஒன்பதாவது கட்டம் வெறும் சாம்பல் நிறமாக மாறியது.

அவன் போகவில்லை.

முசெம்பி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அறை இல்லை, சுவர் இல்லை, பெண் இல்லை. சாம்பல் கட்டத்தில் அவன் மட்டும் அதே இடத்தில், அதே சாய்வில் நின்றுகொண்டிருந்தான்.

மிச்ச எட்டுப் பேரின் தேர்வு முடிகிற வரை எழுந்திருக்கக் கூடாது. எழுந்திருக்கவில்லை. ஆனால் அந்த முக்கால் மணி நேரம் அவர் யாரையும் கண்காணித்தார் என்று சொல்ல முடியாது. முடிந்ததும் முத்திந்தாவின் பதிவைத் திறந்தார். பெரிய திரையில் ஓட்டினார்: அவன் இருந்தான். அதே பதிவை லேப்டாப்பின் சின்னத் திரைக்கு இழுத்தார்: மண்நிறச் சுவர், சீருடை, களைத்த முகம். வேறு யாரும் இல்லை. லிலாங்வேக்காரனை இழுத்தார். யாரும் இல்லை. கம்பாலாப் பெரியவர். யாரும் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த சியோம்புவா, ஒரு கையில் தட்டோடு எட்டிப் பார்த்தாள். "என்ன, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

"இங்க என்ன தெரியுது, பாரு."

அவள் கிட்டே வந்தாள். விரலை வைத்தாள். கைக்குட்டையால் துடைத்தாள். "போகல. உள்ள இருக்கு. யாரோ அழுத்தி வெச்ச மாதிரி. பார்த்தா ஆள் மாதிரியே இருக்கே." பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "ஏன், என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

சொன்னார். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"மூணு பேரா?"

"மூணு பேர்."

"அந்த நர்சு இப்ப அழுதுட்டிருப்பா. நான் அவளா இருந்தா உங்களைச் சபிச்சுட்டிருப்பேன்."

"எல்லாம் அந்தக் கடைக்காரியாலதான்" என்றார் முசெம்பி. சொன்னதும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வந்தது. கேபிளைப் பிடுங்கினார், லேசுத் துணியைத் தேடினார்.

மாடிப்படிக்கு அடியில் முகுரே வேறு யாருக்கோ அருவி காட்டிக்கொண்டிருந்தாள். முசெம்பி மானிட்டரை மேஜை மேல் வைத்து, துணியை உருவினார்.

"கெட்ட சரக்கைத் தலையில கட்டிட்டீங்க. எனக்குத் தெரியும், அன்னிக்கே தெரியும்."

அவள் சண்டைக்கு வரவில்லை. முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். "சீட்டு எங்க?"

அவர் லேசுத் துணியை மடிக்க ஆரம்பித்தார்.

"கிழிச்சாச்சு. சரி." மின்சாரம் கொடுத்து, சாம்பல் நிறத்தைப் போட்டாள். ஒன்றும் இல்லை, சுத்தமாக இருந்தது. முசெம்பிக்குத் தோன்றியது: இங்கே வந்து ஒளிந்துகொண்டான். "சூடாகட்டும்" என்றாள் முகுரே. வந்திருந்த ஆளுக்கு ஒரு சின்னத் திரையை விற்று அனுப்பினாள், கணக்குப் பார்த்தாள், போனில் யாரையோ திட்டினாள். ஒரு மணி நேரத்துக்குமேல் முசெம்பி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரத்தில் வலது கோடியில் லேசாகப் புகை பிடித்தது மாதிரி வந்தது. பிறகு தலை. பிறகு தோள்.

முகுரே கிட்டே வந்து நின்றாள். "கண்டெய்னர்ல ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வந்தது. மேல இருந்ததோட கால் இங்க அழுத்தியிருக்கு. பளிச்சுனு ஓட்டினா தெரியாது, சூடாகலைன்னாலும் தெரியாது." அவள் குரலில் கோபம் இல்லாததுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. "ரெண்டு மணி நேரம் ஓடட்டும், டீ குடிங்கன்னு சொன்னேனே. என்ன நினைச்சீங்க? மாத்தி வெச்சிடுவேன்னா?"

"ஆமா."

"நேரா சொல்றீங்களே, சந்தோஷம்." நிழலை மறுபடி பார்த்தாள். "ஆள் மாதிரிதான் இருக்கு. இதை வெச்சு நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?"

சொன்னார். அவள், "அந்த நர்சுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றாள். அவருடைய பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டாள்.

இங்கே வருகிற வழியெல்லாம், மட்டாட்டுவில் இரண்டு சீட்டுக் காசு கொடுத்து உட்கார்ந்து, முசெம்பி யோசித்தது அதையல்ல. யாருக்குத் தெரியும் என்பதைத்தான். பதிவை யாரும் பார்க்கப்போவதில்லை. தெரிந்தவர்கள் இரண்டு பேர். சியோம்புவா வாயை விட மாட்டாள். இன்னொருவர் தான்.

அவுவோரைக் கூப்பிட்டார். முழுவதும் சொன்னார். ஒவ்வொரு தேதியையும் அவள் இரண்டு தடவை கேட்டாள். அவளும் இவரைப் பற்றி ஏதோ சந்தேகப்படுகிறாள் என்று தோன்றியது.

"வாத்தியாரே, யாராவது உங்களை மிரட்டுறாங்களா? அந்தப் பொண்ணு காசு கீசு..."

"இல்லம்மா."

"அப்ப நான் சொல்றதைக் கேளுங்க. லுசாக்கா கேஸ் இன்னிக்கு நடந்தது. 'மறுபடி பார்த்தேன், உறுதியில்லை'ன்னு ஒரு வரி எழுதுங்க. அவளுக்குத் தேர்வு திரும்பிக் கிடைச்சிடும், உங்க பேர்ல ஒண்ணும் வராது. நான் உங்களைத் தூக்கணும்னு ஆசைப்படல."

"மத்த ரெண்டு பேர்?"

"லிலாங்வே ஆளுக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் தாண்டிடுச்சு. கம்பாலாப் பெரியவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு, ஆனா அவர் பணம் கட்டணும். கட்டுவார்னு தோணல. அவங்க ரெண்டு பேரையும் திறக்கணும்னா கண்காணிப்பாளரோட கருவியில கோளாறுன்னு எழுதணும். அப்படி எழுதினா அது உங்க தப்பாத்தான் பதிவாகும். ரெண்டாவது தப்பு. புரியுதா?"

புரிந்தது. கம்பாலாப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, தன் அறையைத் தானே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அது முசெம்பிக்கு நினைவுக்கு வந்தது. கண்காணிப்பாளர் அவ்வளவு உறுதியாகச் சொன்னதால், யாராவது இருந்தாலும் இருக்கலாம் என்று அந்த மனிதரே தன் வீட்டுச் சுவரைச் சந்தேகப்பட்டுப் பார்த்திருக்கிறார்.

"கருவியில கோளாறுன்னே எழுதுறேன்" என்றார். "மூணு பேருக்கும்."

"வாத்தியாரே."

"நீ என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவேன்னு சொல்லாத. எழுதுறேன்."

போனிலேயே எழுதினார், நிழலையும் படம் எடுத்து இணைத்தார். மூன்று பெயர், மூன்று தேதி, மூன்று நேரம். அனுப்பும் முன் ஒவ்வொரு பெயரின் எழுத்தையும் சரிபார்த்தார். பதினைந்து நிமிஷத்தில் அவுவோரிடமிருந்து பதில் வந்தது: மூன்று பேருக்கும் அடுத்த வாரமே மறுதேர்வு. முசெம்பிக்கு ஒரு மாதம் வேலை இல்லை. "அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் சாம்பல் நிறத்துல ஓட்டின வீடியோவோட ஒரு ஸ்க்ரீனைக் காட்டுங்க. மேல உள்ளவங்ககிட்ட பேசிப் பார்க்கிறேன். வாக்குக் குடுக்கல."

முகுரே உள்ளேயிருந்து வந்தபோது அவர் இன்னும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீட்டு கிழிஞ்சா மாத்தித் தர மாட்டேன்" என்றாள். "போர்டுலயே எழுதியிருக்கு. ஆனா இந்தக் கறையை நீங்க போடல, எனக்குத் தெரியும். இருபத்தேழு இன்ச் ஒண்ணு தரேன். முப்பத்திரண்டு கேட்காதீங்க."

"ஒன்பது பேரும் தெரிவாங்களா?"

"மூஞ்சி தெரியும். மனசு தெரியாது."

இருபத்தேழு இன்ச் ஒன்றை இறக்கி வைத்தாள். அவர் டேப்பை எடுத்தார், அளந்தார், சரியாக இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து சாம்பல் நிறத்தைப் போட்டார்கள். போனைப் பழைய பெட்டி ஒன்றின் மேல் சாய்த்து வைத்து வீடியோவை ஓட விட்டார். மணியைப் பார்த்தார். மூன்றே கால். ஐந்தே கால் வரை.

நாற்பது நிமிஷம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. எதிர்க்கடையில் மாண்டாசி பொரிக்கிற வாசனை தெருவைத் தாண்டி வந்தது.

"போங்க வாத்தியாரே" என்றாள் முகுரே, ஒரு கேபிளைச் சுருட்டிக்கொண்டே. "போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க. இது எங்கயும் ஓடாது."

அவர் எழுந்தார். வாசல் வரை போனார். திரும்பி வந்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, மானிட்டரின் பின்பக்கம், கீழ் மூலையில், விடைத்தாளில் போடுவது மாதிரி சின்னதாகத் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார்.

முகுரே நிமிரவில்லை. "அழியாத பேனாதானே? நல்லா அழுத்திப் போடுங்க. அப்புறம் அதுக்கும் என்னைச் சொல்லாதீங்க."

தெருவைத் தாண்டி டீக்கடைக்குள் போனார். பாலில் கொதித்த டீயும் இரண்டு மாண்டாசியும் வாங்கி, முகுரேயின் கடைக்கு முதுகு காட்டுகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். அவள் எட்டிப் பார்த்தால் அது தெரிய வேண்டும் என்று அவருக்கு இருந்தது. மாண்டாசி அடுக்கிய கண்ணாடி அலமாரி அவருக்கு நேர் எதிரே இருந்தது. அதில் மாடிப்படியும், நீல மேல்கோட்டும், சாம்பல் நிறத் திரையும் சின்னதாக, ஆனால் தெளிவாகத் தெரிந்தன. டீயை ஊதிக் குடித்தார்.